மூலை வெட்டிய தாள்கள்

நேற்றுக் காலை தடுப்பூசிக் கணக்கெடுக்க ஒரு நர்ஸம்மா வந்தார். பாப்பாவின் பெயரை எழுதிவிட்டு, தாளின் மூலையில் குறிக்க ரேஷன் கார்டு நம்பரைக் கேட்டார். இந்தத் தாள் யாரிடம் போகும் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குத்தான்மா, வேற எங்க?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம்பரைச் சொல்லி அனுப்பிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருஷம் ஆகிறது. அப்போது எனக்குப் பிரசவமாகிப் பதினைந்து நாள். துக்கத்துக்கு வர விடவில்லை. பிறகு பாப்பாவுக்குச் சளி, காய்ச்சல், தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பது என்று நாட்கள் போயின. நிஜத்தில், உன் அம்மாவைப் பார்க்கப் பயம்.

பி.ஏ. இரண்டாம் வருஷம். அகதிகள் விஷயத்தில் அரசாங்கம் எடுக்கும் முடிவுகளின் அரசியலை ஆராய்ந்துகொண்டிருந்த நம் பேராசிரியர், நம் இருவரையும் சம்பளத்துக்கு எடுத்தார். சனி, ஞாயிறு ஆனையூர் பஸ். அங்கே இலங்கை அகதிகள் முகாமில் வீடு வீடாகக் கேள்விகள். என் மடியில் தாள், உன் மடியில் யாராவது ஒரு குழந்தை. "நீ கேக்குறது போலீசு விசாரணை மாதிரி இருக்குடி. கொஞ்சம் சிரிச்சுத் தொலை" என்பாய்.

ஒரே வீட்டில் இரண்டு முறை கேட்டுவிடக் கூடாதென்று மூலையில் முகாம் கார்டு நம்பரைக் குறித்தோம். யோசனை என்னுடையது. பெயர் எழுத மாட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். நம்பர் இருந்தால் பெயர் இருப்பது போலத்தான் என்று நமக்கு உறைக்கவில்லை.

மன்னாரிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவுக்கு உறைத்தது. ஊருக்குத் திரும்ப விருப்பமா என்ற கேள்விக்கு ஆமாம் என்றவர், நாம் கிளம்பியதும் கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாப் வரை ஓடி வந்தார். "பிள்ளையள், சண்டை முடிஞ்சாப் போவன் எண்டுதான் சொன்னனான். என்ர நம்பரைப் பாத்து நாளைக்கே கப்பல்ல ஏத்திப்போடுவினமோ?"

அப்படியெல்லாம் நடக்காது என்று நான் சொன்னேன். நீ சொல்லவில்லை. திங்கட்கிழமை பேராசிரியரிடம் கேட்டாய். முகாமுக்குள் போக அனுமதி தந்த அரசாங்க அலுவலகத்துக்கு எல்லாத் தாள்களிலும் ஒரு பிரதி போகும், அதுதான் நிபந்தனை என்றார், சாதாரணமாக.

மத்தியானம் அவர் அறையில் யாருமில்லை. "அம்புட்டுப் பேரும் நம்ம மூஞ்சியப் பாத்துத்தான்டி சொன்னாங்க. கத்தரிய எடு." உனக்குக் கத்தரி, எனக்குப் பிளேடு. பாதித் தாள்களின் மூலையை நீ வெட்டினாய், பாதியை நான். துண்டுகளை உன் டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டு போய் உங்கள் வீட்டு அடுப்பில் எரித்தாய்.

யார் செய்தது என்று அவர் கேட்டபோது, "நாந்தான் சார்" என்றாய். என் அப்பா தல்லாகுளத்தில் அரசாங்க குமாஸ்தா, என் பெயர் அடிபட்டால் அவருக்குத் தொந்தரவு என்று உனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எம்.ஏ. சேர அவர் தருவதாகச் சொன்ன கடிதமும் இல்லையென்று ஆயிற்று. வெளியே வந்ததும், "அழாத. பஸ்சு போயிரும்" என்றாய்.

அந்த அக்கா ஊர் திரும்பினாரா, தெரியாது. நம் தாளை வைத்து அவரை யாரும் அனுப்பியிருக்க முடியாது. பேராசிரியரின் அறிக்கையில் உதவியவர் என்று என் பெயர் மட்டும் அச்சாகியிருக்கிறது. மகள் கிறுக்குத்தனமாகத் தாளை வெட்டிப் படிப்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்வதாகக் கேள்வி.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போகிறேன். பாதியை வெட்டியது நான் என்று, பாப்பாவை அவர் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குழந்தையை வாங்கிவிட்டால் என்னைத் திட்ட அவருக்கு மனசு வராது.