வனமாலா வந்த சனிக்கிழமை

செப்டம்பர் 10, புதன்
ஃபிரிட்ஜ் கதவில் புது நேர அட்டவணை ஒட்டியாயிற்று. நடை, சமையல், பள்ளிக்கூடம், விடைத்தாள், தூக்கம். விருந்தாளி வந்தால் அரை மணி. இந்த மைசூரில் காபி குடித்தவுடன் யார் எழுந்து போகிறார்கள்? சிரித்துப் பேசியே என் பொழுதைத் தின்றுவிடுகிறார்கள். இவர் படித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு எந்தக் கட்டம்மா ஒதுக்கியிருக்கே?" என்றார்.

செப்டம்பர் 11
எல்லாம் சொன்ன நேரத்தில் முடிந்தது. பெருமையாக இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி
ஹாசனிலிருந்து என் தங்கை வனமாலா திடீரென்று வந்தாள். போன் செய்துவிட்டு வரும் பழக்கமே கிடையாது அவளுக்கு. உப்பிட்டு (இந்த ஊர் உப்புமா) சாப்பிட்டாள், மழையைப் பற்றிப் பேசினாள், அப்புறம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அரை மணி தாண்டியாயிற்று. தசராவுக்குள் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானே குங்குமத் தட்டை எடுத்து வந்து நீட்டினேன். ரவிக்கைத் துணி, வெற்றிலை, பாக்கு எல்லாம் முறைப்படி.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குங்குமம் இட்டுக்கொண்டு, "வரேங்க்கா" என்று எழுந்தாள்.

இவர் உள்ளேயிருந்து வந்து, "அவ கிளம்பறேன்னு சொன்னாளா?" என்றார்.

"நேரமாச்சுல்ல."

"சொல்றதுக்கு முன்னாடியே தட்ட நீட்டினா, எந்திரிச்சுப் போன்னுதானே அர்த்தம்!"

சுருக்கென்றது. இருந்தாலும் விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்
வனமாலாவின் வீட்டுக்காரர் புட்டசாமி போன் செய்தார். "வியாழக்கிழம ஆபரேஷன். நீங்க எப்ப வர்றீங்கக்கா?"

என்ன ஆபரேஷன்? மார்பில் கட்டியாம்.

"அக்காகிட்ட நேர்லயே சொல்றேன், கூட இருக்கச் சொல்லிக் கேக்கறேன்னுதானே வந்தா. சொல்லலையா?"

சொல்ல விட்டேனா நான்? அந்தப் பேசாத நேரமெல்லாம் வார்த்தை வராமல் தவித்திருக்கிறாள். நான் வாசலைக் காட்டியிருக்கேன் — வெத்தலபாக்கோட! சீ. நானெல்லாம் ஒரு அக்காவா?

செப்டம்பர் 17
லீவு போட்டேன். அட்டவணையைக் கிழித்தேன். கிழிச்சா ஆச்சா?

செப்டம்பர் 18, வியாழன், ஹாசன்
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நோயாளியுடன் ஒருவர்தான் தங்கலாம் என்றார் நர்ஸ். நான் முந்திக்கொண்டு பையை உள்ளே வைக்கப் போனேன். வனமாலா தன் பக்கத்து வீட்டு ஃபிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ இருக்கட்டும். அக்காவுக்கு வேல இருக்கும்" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. யார் முகத்தையும் பார்க்க வெட்கமாகி, பையோடு வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி
கீழே பெஞ்சில்தான் கிடந்தேன். காலையில் ஃபிலோமினா வந்து, "குளிச்சிட்டு வந்துடறேன், கொஞ்சம் உள்ள போய் உக்காருங்கக்கா" என்றாள். அவளுக்குத்தான் எத்தனை நல்ல மனசு.

வனமாலா தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நீ இன்னும் போகலையாக்கா?" என்றாள்.