மதகைத் திறக்காத நிரல்

திருவும் நீரும் என்றும் குறையாது நிற்க. ஏழு ஏரிகளுக்கும் உடையவராகிய வேங்கைக்கொடி வேந்தர் நெடுங்குட்டுவரின் தலைமை அமைச்சன் சேந்தன் நாகன், கீழைக்கோட்டம் காக்கும் வில்லவராயருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் கன்றுகாலிகளும் நலம் பெறுக.

பேரேரியின் மதகைத் தானே திறந்து மூடும்படி அரண்மனை நிரலாசிரியன் கொற்றங்குமரன் எழுதிய நிரல், தங்கள் கணிப்பொறியில் ஓடவில்லை என்று மும்முறை எழுதினீர்கள். மும்முறையும் நான் நம்பவில்லை. அவன் பொறியில் அது பிசகின்றி ஓடியதை என் கண்ணாலேயே கண்டிருந்தமையால், தாங்கள் பகைவரோடு உறவாடுகிறீர்களோ என ஐயுற்று ஒற்றர் இருவரை அனுப்பினேன். அவ்விருவரை வேவு பார்க்க இன்னொருவனையும் அனுப்பினேன். தங்கள்மேல் குற்றமில்லை என மூவரும் ஒரே குரலில் சொன்னதும் எனக்குச் சந்தேகத்தையே தந்தது.

பின்னர் ஒருவருமறியாமல் புதுப் பொறியொன்றை என் அறையில் வைத்து அந்நிரலை ஏற்றினேன். அங்கும் ஓடவில்லை. நாடெங்கும் வழங்கும் நிரல்மொழியில் எழுதியது, ஆகவே எங்கும் ஓடும் என்று முன்பு உறுதி கூறிய கொற்றங்குமரன், விசாரித்தபோது அம்மொழியைப் படித்து இயக்கும் வேறொரு நிரல் வேண்டும் என்றான். அதிலும் சென்ற ஆண்டின் பதிப்பு ஆகாது என்றான். பிறர் எழுதிய துணைநிரல்கள் நூற்றுப்பதினேழும் உடன் வேண்டும் என்றான். ஒரு விருந்தாளியை அழைக்க, ஊரே பந்தியில் உட்கார்ந்ததுபோல் ஆயிற்று. அவற்றை எழுதியோருள் பாதிப்பேர் யாரென்று அவனே அறியான். என்றோ தன் பொறியில் ஏற்றியவை, ஆதலால் மறந்தேன் என்று தலைகுனிந்தான். இது வஞ்சகமன்று, மறதியே என நம்ப எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

தங்களை ஐயுற்றது என் பிழை. அதனினும் பெரும்பிழை ஒன்றுண்டு. மதகுக்காவலர் ஆதிச்சனார் கையூட்டுக்கு நீர் விடுவார் என்றஞ்சி, நிரல் அங்கே ஓடுமோ என்று பாராமலே, மதகைக் கையால் திருகித் திறக்கும் சக்கரத்தைக் கழற்றி இங்கே கொணரச் செய்தவன் நானே. இப்போது ஏரி நிறைந்து வருகிறது. கரைக்குக் கீழே நாலாயிரம் பேர் வாழ்கிறார்கள்.

ஆகவே ஆணை: மழை ஓயும்வரை நிரலைத் தொடவேண்டாம். அதன்பின் கொற்றங்குமரன் துணைநிரல் யாவற்றையும் ஆராய்ந்து ஒரே பொதியாகக் கட்டி, ஏதும் ஏற்றாத பொறியில் ஓட்டிக் காட்டிய பிறகே அது மதகை அணுகலாம். இவ்வோலையோடு யானைமேல் வரும் சக்கரத்தை ஆதிச்சனார் கையிலேயே ஒப்படைக்கவும். என் ஒற்றர் எவரும் அருகில் நிற்கலாகாது. அவர் வாங்க மறுப்பாராயின், இவ்வோலையை ஆணையாக அன்றி என் மன்னிப்பாக அவர்முன் படிக்கவும்.

வேங்கை முத்திரை இட்டு, சேந்தன் நாகன் கைப்பட எழுதியது.