நீ பார்த்த காணியின் பின்பக்கம்

அன்பு மகன் கோபிக்கு,

நீ கட்டச் சொன்ன முற்பணத்தை நான் இன்னும் கட்டவில்லை, நேற்று அளவெட்டிக்குப் போய்க் காணியை நேரிலே பார்த்துவிட்டு வந்தேன். இணுவிலில் நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிருக்குள் நீயும் கீர்த்திகாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மழைக்கு முழங்கால் நோகிறது என்று அப்பா கடைக்கு வருவதில்லை, ஆனால் கலியாண வீடு என்றால் முதல் பந்தியில் நிற்கிறார்.

தரகர் சுபாஸ் உனக்கு அனுப்பிய விளம்பரத்தில் காணி ‘அண்டுலேற்றிங்’ என்று இருந்ததே, அந்தச் சொல்லைக் கடையில் வேலை செய்யும் நிரோஜினியிடம் கேட்டேன். அவள் போனில் தேடிப் பார்த்து, அலை மாதிரி மெதுவாக ஏறி இறங்குகிற தரைக்கு எழுதுகிற வடிவான சொல், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் பொருந்தும் அன்ரி என்றாள். பாய் விரித்த மாதிரிக் கிடக்கிற எங்கள் ஊரில் மலை எங்கே இருக்கிறது? முப்பது வருடம் கல்லும் மண்ணும் விற்றவள் நான், இங்கே தரை ஏறி இறங்கினால் யாரோ கிண்டியிருக்க வேண்டும். நீ பனிக்குள் லொறி ஓடிச் சேர்த்த காசை ஒரு சொல்லை நம்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போய்ப் பார்த்தால் முன்பக்கம் நல்ல செம்மண், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பின்பக்கம் அயல்வீட்டு மதிலின் கல்வரிசை நடுவில் ஒரு முழம் தாழ்ந்து மறுபடி ஏறுகிறது. மேசன் நூல் பிடித்துத்தான் கட்டியிருப்பான், அடியில் நிலம் இறங்கிவிட்டது. கூட வந்த சுபாஸ், “அதுதான் அன்ரி, வியூ, வெளிநாட்டு ஆக்களுக்கு உது நல்ல விருப்பம்” என்று சிரித்தான். “தம்பி, உந்த வியூவுக்கு மேலை நீர் வீடு கட்டி இருப்பீரோ” என்று கேட்டேன். காணிக்காரி சின்னத்தங்கம் அக்கா நல்ல மனிசி, கேட்டவுடனே “ஓம் பிள்ளை, எங்கடை அப்பு அதிலை சுண்ணாம்புக்கல் கிண்டினவர், பிறகு குப்பையும் மண்ணும் போட்டு மூடினது, உந்தத் தரகன்தான் சொல்ல வேண்டாம் எண்டவன்” என்றார். உன் வரைபடத்தில் படுக்கையறை இரண்டும் அச்சொட்டாக அந்தக் குழிக்கு மேல் வருகின்றன, அதனால் வீட்டை முன்னுக்குத் தள்ளிக் கீறச் சொல்லு.

கீர்த்திகாவுக்கு ஏழாம் மாதம், பாரம் தூக்க விடாதே, நீயும் தொப்பி போடாமல் வெளியே போகாதே. இணுவில் கந்தன் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும்.

பேசி முடித்தது இதுதான்: ஆறு பரப்புக் காணியையும் பரப்புக்குப் பதினெட்டு இலட்சம் என்று நின்றவர்கள், முன்பக்க நாலு பரப்பை மட்டும் பதினைந்து இலட்சப்படி தருகிறார்கள், குழி அக்காவோடேயே இருக்கும், நில அளவையாளர் பிரித்து எல்லைக் கல்லுப் போட்ட பிறகுதான் முற்பணம், சுபாஸின் கொமிசனில் நாங்கள் கொடுப்பது பாதி மட்டும்.

அம்மா
பராசக்தி