வெறும் கரைப்பானிலும் வந்த படி

புதாபெஸ்ட்

அன்பு மகள் ஓர்ஷிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ கியோட்டோவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன், இப்போதெல்லாம் உன் விஷயத்தில் எதையும் நம்பத்தான் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் பலாத்தோன் ஏரிக்கரை வீட்டுக் கூரையில் தானே ஏறுவேன் என்று அடம்பிடிக்கிறார், நீ நாலு வார்த்தை சொல், நான் சொன்னால் எங்கே கேட்கிறார். நாட்காட்டியில் என் பெயர் வருகிற பெயர்நாளுக்கு நீ அனுப்பிய பூ வந்தது, ஜாடியில் வைக்க மனசு வரவில்லை, பக்கத்து வீட்டு ஷாரிகாவிடம் கொடுத்துவிட்டேன்.

நீ போனதும் நம் ஆய்வகத்தில் உன் கருவியில் வந்து உட்கார்ந்தாளே ஆராய்ச்சி மாணவி டோர்க்கா, நாம் இரண்டு பேரும் எழுதிய கட்டுரையில் இருக்கிற அளவை அவளும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும் என்று நான் செய்த அதே மூலக்கூறைக் கொடுத்தேன். பாவம், வாரக்கணக்கில் தங்கக் கம்பியை இழுத்து இழுத்து அறுத்தாள். அறுந்த இரண்டு முனைக்கும் நடுவில் மூலக்கூறு போய் உட்கார்ந்தால் மின்னோட்டம் ஒரேயடியாக விழாமல் ஒரு படியில் நின்றுதானே விழ வேண்டும், அவளுக்கு எதுவும் நிற்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, கருத்தரங்கு முடிந்து எல்லாரும் பொகாச்சா ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது, "என் பொண்ணுக்கு வந்தது உனக்கு ஏன் வரலை? கையில கோளாறு உனக்கு" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டே ஆராய்ச்சியே வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்றாள். நம் துறைத் தலைவர் கால்மான்தான், "இல்திகோ, ஒவ்வொரு தடவை கம்பி அறுந்தப்பவும் உன் பொண்ணு எடுத்த மின்னோட்டக் கோடு எல்லாத்தையும் ஒண்ணு விடாம வரைஞ்சு பாரேன்" என்றார். வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் வரைந்தேன். படி மாதிரி தெரிந்த கோடுகளை மட்டும் கண்ணால் பொறுக்கிக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டிருக்கிறாய்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன், மூலக்கூறு மாட்டாமல் காலியாக அறுந்ததை ஒதுக்குவது நம்மில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாயே, "மூலக்கூறே போடாத வெறும் கரைப்பான்ல எடுத்துப் பொறுக்கினாலும் அதே படி வருதும்மா, எனக்கு அப்பவே தெரியும், நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே, சொல்ல வாய் வரலை" என்று. அப்படியானால் அந்தப் படி என் மூலக்கூறால் வந்ததே இல்லை, நீ பொறுக்கியதால் வந்தது. அடிப்பாவி, என் சந்தோஷத்தின் மேலா பழியைப் போடுகிறாய்? மாத்ரித், பிராக் என்று ஊர் ஊராக மேடையேறி என் மூலக்கூறு, என் மூலக்கூறு என்று பேசினேனே, எல்லாம் தெரிந்தும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாயே! வேறு யாராவது செய்திருந்தால் நாலு திட்டுத் திட்டி மறந்திருப்பேன். பெற்ற பெண்ணே இப்படி ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது?

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லித் திங்கட்கிழமை பத்திரிகைக்கு எழுதுகிறேன். வேலை போய்விடும், கொஞ்சம் பொறு என்று கெஞ்சினாய், பொறுக்க மாட்டேன். அதற்குள் அங்கே உன் பேராசிரியரிடம் நீயே சொல்லிவிடு, அந்த மரியாதையாவது உனக்கு மிஞ்சட்டும்.

நேற்று டோர்க்காவைக் கூப்பிட்டு உன் கையில் ஒரு கோளாறும் இல்லை, என்னை மன்னித்துவிடு என்றேன். "அப்போ யார் கையில மேடம்?" என்று கேட்டாள். "என் பொண்ணு கையில" என்றேன். அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை, ஆனாலும் சொன்னேன், நீயும் சொல்லலாம்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் கொடுக்கட்டும். குளிரில் கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. திங்கட்கிழமையை மறக்காதே.

இப்போதும் உன் அம்மாதான்,
இல்திகோ