ஆள்காட்டி விரலைத் தொட்டால்

மந்தாரக்குப்பம்,
புதன்கிழமை.

அன்பு மகள் சாதியாவுக்கு அம்மா சைபுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பெங்களூரில் குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு லேபுக்குப் போ. போனில் சொல்லாமல் கூரியரில் அனுப்புகிறாளே என்று பதறாதே. போனை எடுத்தாலே உன் அத்தா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மைன்சில் கரி ஓடுகிற பெல்ட்டைச் சுத்தம் செய்யும்போது அறுந்த மணிக்கட்டு நரம்பைத் தைத்தார்களே, அது வளர்ந்து விரல் வரைக்கும் வந்துவிட்டது. தெருவுக்கே அல்வா வாங்கிக் கொடுத்தார். ஆனால் கண்ணை மூடச் சொல்லி ஆள்காட்டி விரலைத் தொட்டால், கட்டைவிரல் என்கிறார். நீ ஆராய்ச்சி செய்யும் புரதத்தைப் பற்றி ஒருமுறை சொன்னாய். நரம்புக்குள் சாரம் கட்டின மாதிரி இழைகள் இருக்கும், அவற்றைத் தாங்குகிற அந்தப் புரதம் இல்லாவிட்டால் வளரும் நுனி திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது, கண்டபடி கிளைவிடும் என்றாய். எலிக்குத்தானே என்று அன்றைக்குச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தாவுக்கும் அதுதானா, இல்லை தையலில் வழி மாறிவிட்டதா?

பிசியோதெரபி பெண் புவனா, தினமும் தொட்டுத் தொட்டுச் சொல்லுங்க, மூளை பழகிக்கும் என்றாள். நானும் பேனா மூடியால் தொட்டுப் பழக்கினேன். மனுஷன் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டார். கட்டைவிரலில் தெரிந்தாலும் வாயால் ஆள்காட்டி என்று சொல்லி, டாக்டரிடம் வேலைக்கு ஃபிட் என்று எழுதி வாங்கி வந்துவிட்டார். அதான் கணக்கு புடிபட்டுப்போச்சே, இன்னும் ஏன் அழுதுகினு கிடக்கிறே என்று என்னைக் கிண்டல் வேறு. கான்ட்ராக்ட் வேலை, வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

நேற்று டீ பாத்திரத்தை அந்தக் கையால் இறக்கினார். தீய்ந்த வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. பிறகுதான் கையை உதறினார். கட்டைவிரலை ஊதிக்கொண்டே நின்றார். கொப்புளம் ஆள்காட்டி விரலில் இருந்தது.

திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போகிறார், முதல் ஷிப்ட். ஓடுகிற பெல்ட் பக்கத்தில் எந்த விரல் என்று கணக்குப் போட நேரம் ஏது? உன் பேச்சென்றால் கேட்பார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல். நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதே.

தொழுகையில் நேரான வழியைக் கேட்கும் இடம் வந்தால் எனக்கு அந்த நரம்புதான் ஞாபகம் வருகிறது. பாவமோ என்னவோ. நீயும் துஆ செய், கண்ணு. அதற்கு முன்னால் போன் பண்ணு.

உன் அம்மா,
சைபுன்னிசா