பதினான்காவது உருப்படி

ஜூன் 4

அன்புள்ள குருவிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. கேட்டுவிட்டேன். நீ நம் வீட்டை விட்டு உன் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வருடம் கழித்து, இந்த இசைத்தட்டுக்காகத்தான் மூன்று நாள் ஒரே கட்டிடத்தில் இருந்தோம். அதையும் நான் கெடுத்துக்கொண்டேன்.

அந்த அமெரிக்க இசையமைப்பாளர் பியானோவுக்கென்று எழுதிய பதினான்கு உருப்படிகளில் பதிமூன்று அருமையாகப் பதிவாகியிருக்கின்றன. கடைசியைப் பதினோரு முறை வாசித்தாய். பதினோரு முறையும் ஒரே இடத்தில் நின்றாய். நான் மைக்கில், "கவனம் எங்க போச்சு? சின்னப் பிள்ளைகூட வாசிச்சிடுமே" என்றேன். எல்லோர் காதிலும் விழுந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மன்னித்துவிடு. ஒரே ஒரு நாள் வந்து முடித்துக் கொடு.

உன் (போடலாமா?)
ஒலிப்பதிவாளன்

ஜூன் 11

அன்புள்ள உங்களுக்கு,

நலம். தங்கை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். நான் அந்த உருப்படியைப் பழகினால் மட்டும், "என்னக்கா, யாரோ பியானோவ ரிப்பேர் பண்ற மாதிரி இருக்கு" என்பாள். அந்த மனுஷர் பாதிக்குத்தான் சுரம் எழுதினார், மீதிக்குச் சத்தமில்லாமல் காத்திருக்கச் சொன்னார் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கவனம் எங்கும் போகவில்லை. இடது கையில் கடைசி இரண்டு விரல்களுக்கு உணர்வு போய்விட்டது. நரம்பாம். "இனிமே திரும்பாதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவற்றில் விரல் மாற்றிப் போட்டு ஒப்பேற்றினேன். அந்த இடத்தில் இடக்கை தனியாக இறங்க வேண்டும், ஒளிய இடமில்லை.

கை மொத்தமாகப் போவதற்குள் ஒரு தட்டாவது இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டதும் நான்தான்.

உங்கள்
குருவி

ஜூன் 15

குருவி,

கடிதத்தைப் படித்ததும் ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.

பதினோரு டேக்கையும் மறுபடி கேட்டேன். நிற்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் நீ மூச்சைப் பிடித்துக்கொள்கிறாய். அன்று எனக்குப் பிழை மட்டும்தான் கேட்டது.

மூன்றாவது டேக்கையும் எட்டாவதையும் ஒட்டி, விட்ட சுரங்களை வேறிடத்திலிருந்து எடுத்து வைத்தால் முழுதாகிவிடும். யாருக்கும் தெரியாது.

தட்டு கிடக்கட்டும். நீ வீட்டுக்கு வந்துவிடு. இல்லை, நான் வந்து அழைத்துப் போகட்டுமா? உன் கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
நான்

ஜூன் 24

அன்புள்ள உங்களுக்கு,

ஒட்ட வேண்டாம். எனக்குத் தெரியுமே. பதிமூன்றோடு தட்டை முடித்துவிடுங்கள்.

வரவும் வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. இந்த விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியது நம் வீட்டில்தான். அந்தக் கடைசி வருடம் எத்தனை கண்ணாடி டம்ளர் என் கை நழுவி உடைந்தது! ஒவ்வொரு முறையும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அறைக்குள்ளிருந்தே "என்ன சத்தம்?" என்பீர்கள். "ஒண்ணுமில்லீங்க" என்பேன். ஒரு தடவையாவது எழுந்து வந்து பார்ப்பீர்கள் என்று துடைப்பத்தோடு நின்றிருக்கிறேன். நீங்கள் ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது எனக்குத் தலை பின்னிவிடத் தங்கை இருக்கிறாள்.

தட்டு வந்ததும் ஒன்று அனுப்பிவையுங்கள். என்றாவது கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

குருவி