மேளமில்லாத காதுகுத்து

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முருகானந்தத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. பூனாவில் நீ நலமா என்று கேட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் பதில் வரும், ஆகையால் நீ நலமாக இருப்பதாக நானே எழுதிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மணி அடித்தால் நீ எடுக்கமாட்டாய், எடுத்தாலும் பாதியில் காணாமல் போவாய், கடிதமென்றால் கடைசி வரி வரைக்கும் படிப்பாய். மிளகு காயவைத்து மூட்டை கட்டியாகிவிட்டது. பலா இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது, அதை எங்களுக்கு முன்பே குரங்குகள் கவனித்துவிட்டன.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை பூங்குழலியின் பையனுக்கு வைகாசியில் நம் குலசாமி கோயிலில் காது குத்துவதென்று பேச்சு. தாய்மாமன் நீ, உன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். போன வாரம் பூங்குழலியும் மாப்பிள்ளை பிரவீனும் பேளுக்குறிச்சியிலிருந்து வந்திருந்தார்கள். மேளம், மைக்செட், நம் திண்ணனூர் நாட்டு ஊர்களுக்கெல்லாம் அழைப்பு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். மாப்பிள்ளை காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, “ஏனுங் மாமா, அத்தனை சத்தத்துல மச்சானால உக்கார முடியுங்களா?” என்றார். ஏன் முடியாது, அவனுக்கு என்ன குறை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ராசிபுரத்தில் மாற்றுத்திறன் குழந்தைகள் பள்ளியில் வாத்தியார் அல்லவா, ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். உனக்கு ஆட்டிசம் இருக்கலாமாம். அது நோயில்லையாம், மூளை பிறவியிலேயே அப்படி அமைவதாம், பெரியவர்களான பிறகும் பலருக்கு அது தெரியாமலே இருக்குமாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? வெளியே போய்ச் சேவலைத் திட்டினேன். அது என்ன பாவம் பண்ணிச்சு என்று உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

போகும்போது மாப்பிள்ளை ஒரு சிறு புத்தகம் வைத்துவிட்டுப் போனார். நான் பள்ளிக்கூடம் போகாதவன், பொட்டலம் கட்டிய காகிதத்தைப் பார்த்து எழுத்துக் கற்றவன், அச்சில் இருப்பதாலேயே ஒன்றை நம்பிவிடுகிற ஆளில்லை. குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே இரண்டு தரம் படித்தேன். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள் என்று போட்டிருக்கிறது. நம் மலையில் பெரியவர்களைக் கண்ணைப் பார்த்துப் பேசினால் அல்லவா உதை விழும்? ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பார்களாம். எங்கள் காலத்தில் மூன்று வேளையும் சாமைச்சோறு, அப்படியானால் மலை முழுக்க ஆட்டிசம். மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவார்களாம். ருக்குமணி அத்தை கிளம்பியபோது நாங்கள் எல்லோரும் இருந்துட்டுப் போங்க என்று உபசாரம் பேசிக்கொண்டிருக்க, நீ அவள் பையைக் கையில் கொடுத்து, கடைசி பஸ் வந்துரும் போங்க என்றாயே, அதனால் கெட்டது என்ன? அத்தை பஸ்ஸைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடமாட்டார்கள் என்ற இடத்தை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் புளியைக் கரைத்தபடியே, “அது உங்களுக்குப் போட்டிருக்காங்க, பையனுதைப் படிங்க” என்றாள். அதோடு அவளுக்கு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் மாப்பிள்ளை சொன்ன இன்னொன்றை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை, அதைச் சொல்லத்தான் இத்தனை வரியும். பூங்குழலி கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எழுந்ததும் நீ எழுந்து போய்விட்டாய். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மிளகுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தாய். பெண்ணின் அண்ணன் பந்தலை விட்டு எழுந்தால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மச்சானுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. சம்பந்தியம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். நானும் நீ ஏதோ கோபத்தில் போனதாகத்தான் நினைத்திருந்தேன். மாப்பிள்ளை சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்: “மச்சான் கோவிச்சுக்கிட்டுப் போகலீங்க மாமா. காதைப் பொத்திக்கிட்டுப் போனாரு, நான் மணவறையிலிருந்து பாத்தேன். இத்தனை வருசமா எங்கம்மாகிட்ட அதைத்தானுங்க சொல்லிச் சண்டை போடறேன்.” உனக்காக அந்த வீட்டில் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், அது உன் வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாது. மரத்திலிருந்து பெரிய பலாப்பழமாகப் பார்த்து இறக்கி அவர் காரில் வைத்தேன். வண்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதென்று பூங்குழலி சிரித்தாள்.

அதற்காக நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. மாப்பிள்ளை இரண்டு வழி சொன்னார். ஒன்று, விடியற்காலையில் சத்தமில்லாமல் குத்துவது. இல்லையென்றால் பங்காளி அண்ணாமலையின் மகன் உனக்குப் பதிலாக உட்காருவது. இரண்டாவதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே மேளம் கிடையாது, மைக்செட் கிடையாது. யார் கேட்டாலும், போன திருவிழாவில் அந்த மைக்செட்காரன் என் பெயரைக் காளியப்பன் என்று அறிவித்தான், அவனை என் வாசலில் சேர்க்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணாமலை வந்து, “மேளமில்லாமக் காது குத்துனா சாமிக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். பையன் போடுகிற அழுகையில் தெரியும் என்றேன். பந்தியும் காது குத்தி முடிந்த பிறகுதான். கூட்டம் சேர்வதற்குள் நீ எழுந்து தோட்டத்துக்குப் போகலாம், அம்மா அங்கேயே உனக்குச் சோறு கொண்டுவந்து தருவாள்.

இன்னும் ஒன்று கேட்கவேண்டும், சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. இந்த ஆட்டிசம் என்ற சொல் உனக்கு முன்பே தெரியுமா? அப்பா கத்துவார் என்று சொல்லாமல் இருந்தாயா? கத்தியிருப்பேன். ஒருநாள் கத்தியிருப்பேன், மறுநாள் தொண்டை கட்டியிருக்கும், அதற்குமேல் நான் என்ன செய்துவிடப்போகிறேன்? மாப்பிள்ளை சொல்வது தப்பு என்றுதான் இன்னமும் சொல்வேன். ஆனால் சத்தம் எப்படி வலிக்கிறது என்பது உன் காதுக்குத்தான் தெரியும், என் காதுக்கு அல்ல. ஆமாம் என்று நீ எழுதினால் ஆமாம்தான். அதற்குப் பிறகு இந்த நாட்டில் எவனாவது வாய் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், சண்டைக்கு எனக்கு மேளம் வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, விதைக் கம்பெனி வேலையில் இரவெல்லாம் கண் விழிக்காதே. குலசாமி உன்னைக் காக்கட்டும், அம்மாவும் நானும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். வருவாயா மாட்டாயா என்பதை மட்டும் மறக்காமல் எழுது, ‘ம்’ என்று போடாதே, அது எதற்கென்று எனக்குப் புரியாது. வர முடியாது என்றால் முடியாது என்றே எழுது சாமி, நான் கோபிக்கமாட்டேன். வைகாசி போனால் ஆவணி வரும், ஆவணி போனால் தை வரும். அண்ணாமலை மகன் மடி காலியாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். உன் மருமகன் மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போனாலும் சரி, நீ வரும்வரைக்கும் அந்தக் காதில் ஊசி படாது.

இப்படிக்கு,
உன் அப்பா
காளியண்ணன்